பின் வரிசைப் பெரியவர்

மேல்நாட்டு வாத்திய கோஷ்டி ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பிடில்காரர்கள் முன்னால் வசதியாக உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில், பின்னால், ஆள் உயரத்துக்கு வளர்ந்த வாத்தியங்களை அணைத்துப் பிடித்துக்கொண்டு சிலர் நின்றவாறும், உயர்ந்த முக்காலியில் பாதி உட்கார்ந்தவாறும் இருப்பார்கள். இவர்கள் வாசிப்பது டபிள் பாஸ். தந்தி வாத்தியக் குடும்பத்தில் அதுதான் பெரியவர். வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு நேரும் கதிதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது. அவர் இல்லாவிட்டால் குடும்பம் ஒரு நாள் நடக்காது. ஆனால் அவர் பேசுவதை மட்டும் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இந்தப் பெரியவர் தனிக் கச்சேரி செய்தால் எப்படியிருக்கும் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். சிரிக்க வேண்டாம். இருநூற்றைம்பது வருஷமாகச் சிலர் செய்துதான் வருகிறார்கள். அவர்களுடைய கஷ்டம் விரலிலும் வில்லிலும் மட்டும் இருக்கவில்லை. மேடையில் ஏறி நின்ற பிறகு எதை வாசிப்பது? பிடிலுக்கும் பியானோவுக்கும் மகா மேதைகள் வரிசையாக வந்து எழுதிக் குவித்துவிட்டுப் போனார்கள். டபிள் பாஸைத் தனியாகப் பாட விடுவதற்கு அவர்களில் அநேகமாக யாருக்கும் மனம் வரவில்லை. ஆகையால் வாசித்தவர்களே எழுதிக்கொண்டார்கள். இந்த வாத்தியத்தின் தனி இசைச் சரித்திரம் பெரும்பாலும் இப்படித் தாமே சமைத்துத் தாமே பரிமாறியவர்களின் சரித்திரந்தான்.

மேதைகள் ஏன் பின்வாங்கினார்கள் என்று தெரிய, வாத்தியத்தின் சுபாவத்தைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாக நாலு தந்திகள். மிகவும் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. பிடிலில் தந்தி ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் என்றால், இதில் சுமார் 105 சென்டிமீட்டர். பிடில்காரர் கையை நகர்த்தாமலே நாலு விரல்களால் நாலு ஸ்வரங்களைத் தொட்டுவிடுவார். டபிள் பாஸ்காரர் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரல் வரையில் நன்றாக விரித்தாலும், கீழ் ஸ்தாயியில் கிடைப்பது ஸட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபம் வரையிலுள்ள தூரம் மட்டுமே. ஒரு துரித காலத்துச் சங்கதிக்குக் கை முழுவதும் மேலும் கீழும் ஓடியாக வேண்டும். போதாததற்கு, மந்தர ஸ்தாயி நாதம் இயல்பாகவே மங்கலானது. பக்கத்தில் நாலு வாத்தியங்கள் சேர்ந்து ஒலித்தால் அது இருக்கிற இடம் தெரியாது. மேலே ஏறி வாசித்தால் கேட்கும். ஆனால் மேலே ஏறிவிட்டால் அது செல்லோவின் இடம். செல்லோவுக்குச் சுலபமாக வருவதை இவர் வியர்த்து விறுவிறுத்துச் செய்துகொண்டிருக்க வேண்டும்.

கீழேயிருந்தால் கேட்காது, மேலே போனால் சொந்தக் குரலாக இராது. இந்தத் தர்ம சங்கடத்திலிருந்து தப்ப ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி பார்த்தார்கள்.

முதலில் வழி கண்டவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் வியன்னாவைச் சுற்றியிருந்த வித்வான்கள். அவர்கள் தந்திகளைச் சுருதி கூட்டிய முறையே வேறு. ஒரு ராக வாத்தியத்தின் கமகமெல்லாம் இல்லாவிட்டாலும், தந்திகளைச் சும்மா மீட்டினாலே இனிய கூட்டு நாதம் எழும்படி நெருக்கமாகச் சுருதி சேர்த்திருந்தார்கள். அந்த அமைப்பில் விரல் ஓட்டம் இலகுவாயிற்று. டிட்டர்ஸ்டார்ப் எழுதினார், வான்ஹால் எழுதினார், ஹைடன்கூட ஒரு கான்செர்ட்டோ எழுதினார். மொஸார்ட் 1791-ல், தாம் காலமான அதே வருஷத்தில், தாழ்ந்த குரலுள்ள ஒரு பாடகருக்கும் பிஷல்பெர்கர் என்ற டபிள் பாஸ் வித்வானுக்கும் சேர்த்து ஒரு பாட்டு இயற்றினார். ஸ்பெர்கர் என்பவர் தாம் வாசிப்பதற்காகவே 18 கான்செர்ட்டோக்கள் எழுதி வைத்தார்.

பிறகு என்னவாயிற்று? சுருதி கூட்டும் முறை மாறிற்று. வாத்திய கோஷ்டிகள் பெரிதாகப் பெரிதாக, வலுவான நாதம் வேண்டியிருந்தது. வியன்னாவின் சுருதி வழக்கொழிந்தது. அதோடு அந்தச் சங்கீதமும் ஊமையாகிவிட்டது. ஏட்டில் இருந்தது, கையில் வரவில்லை. ஸ்பெர்கரின் கைப்பிரதிகள் ஜெர்மனியில் ஷ்வெரின் நகரத்து நூல்நிலையத்தில் நெடுங்காலம் தூங்கின. ஹைடன் எழுதியதோ அதுவும் இல்லை. அவருடைய ஜாபிதாவில் எழுதி வைத்த ஆரம்ப ஸ்வரங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஒரு வாத்தியத்தின் சுருதியை மாற்றினால் ஒரு பரம்பரையின் சாகித்தியமே காணாமற்போகும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்தச் சமயத்தில் வெனிஸ் நகரத்தில் 1763-ல் பிறந்த டொமினிகோ டிராகொனெட்டி என்பவர் தோன்றினார். மூன்று தந்திகள் மட்டுமே பூட்டிய டபிள் பாஸை வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டகாசத்துக்கு அளவில்லை. 1794-ல் லண்டனுக்குப் போனவர், 1846-ல் காலமாகும் வரையில் அந்த ஊரையே கட்டி ஆண்டார். சம்பள விஷயத்தில் மகா கெட்டிக்காரர். கச்சேரிக்காரர்கள் பின் வரிசைக்காரர்தானே என்று நினைத்து அவரிடம் பேரம் பேச முடியாது. விதவிதமாக உடுத்திய பொம்மைகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். கார்லோ என்ற அவருடைய நாய் சங்கீத நாடகத்தின்போது அவர் காலடியிலேயே படுத்திருக்கும் என்று சொல்லுவார்கள்.

1799-ல் அவர் வியன்னாவுக்குப் போனபோது பீதோவனைச் சந்தித்தார். பீதோவன் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதிய ஒரு ஸொனாட்டாவை, இவர் டபிள் பாஸிலேயே வாசித்துக் காட்டினார். பியானோவில் பீதோவனே கூட வாசித்தார். முடிந்ததும் பீதோவன் துள்ளியெழுந்து வித்வானையும் வாத்தியத்தையும் சேர்த்துக் கட்டித் தழுவிக்கொண்டாராம். இந்தக் கதையைப் புஸ்தகங்களில் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு குறை உண்டாகிறது. கட்டித் தழுவியவர், தனியாக ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாமே! அது நடக்கவில்லை. அதற்குப் பின் வந்த பீதோவனின் ஸிம்பொனிகளில் டபிள் பாஸ்காரர்களுக்குக் கடினமான பகுதிகள் உண்டு. ஐந்தாவது ஸிம்பொனியில் அவர்கள் உறுமிக்கொண்டு ஓடும் கட்டம் பிரசித்தமானது. 1845-ல் பான் நகரத்தில் பீதோவனுக்குச் சிலை திறந்த விழாவில், 82 வயதான டிராகொனெட்டியே 13 டபிள் பாஸ்களுக்குத் தலைவராக நின்று அந்த ஸிம்பொனியை வாசித்தார். ஆனால் தனியாக வாசிப்பதற்கு அவருக்கு இருந்தவை அவரே எழுதிக்கொண்ட கான்செர்ட்டோக்களும் பிறவுந்தான்.

அவருடைய உயில் படிக்கத் தகுந்தது. விசென்ஸா நகரத்து மடம் ஒன்றிலிருந்து அவருக்குக் கிடைத்த, காஸ்பரோ தா ஸாலோ என்ற பழைய சிற்பி செய்த அருமையான டபிள் பாஸை வெனிஸ் ஸான் மார்க்கோ கோவிலுக்கு விட்டுச்சென்றார். கைப்பிரதிகளை வின்ஸென்ட் நொவெல்லோ என்ற சிநேகிதருக்குக் கொடுத்தார். அவை பிற்பாடு பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்தன. வாத்தியம் ஒரு தேசத்துக்கும் சாகித்தியம் இன்னொரு தேசத்துக்குமாகப் பிரிந்தன. அவரைப் போல வாசிக்க மறுபடி ஒருவர் வரும் வரையில் இரண்டும் பேசாமலிருந்தன.

வந்தவர் பொட்டெசினி. இவரைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறோம்.

ஜியோவன்னி பொட்டெசினி 1821-ல் இத்தாலியில் கிரெமா என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கிளாரினெட் வித்வான்; பெரிய ஆஸ்தி ஒன்றுமில்லை. பையனை 1835-ல் மிலான் சங்கீதப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தபோது, அங்கே இலவசமாகப் படிக்க இரண்டே இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று பஸூன் என்ற ஊது குழலுக்கு. மற்றொன்று டபிள் பாஸுக்கு. பையன் அதுவரை கற்றிருந்தது பிடில். வேறு வழியில்லை, சில வாரங்களுக்குள் டபிள் பாஸைப் பிடித்துப் பழகிக்கொண்டு பரீட்சைக்குப் போய் நின்றான். அபஸ்வரம் தட்டியதாம். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விரலை எங்கே வைப்பது என்று தெரிந்துவிட்டால் இனி இப்படி நேராது என்று பரீட்சகர்களிடம் சொன்னானாம். இடம் கிடைத்தது.

நாலே வருஷத்தில் அவன் பெரிய வித்வானாக வெளியே வந்தான். பள்ளியில் கிடைத்த பரிசுப் பணத்தோடு கடனும் வாங்கி, 1716-ல் டெஸ்டோரே என்ற சிற்பி செய்த ஒரு டபிள் பாஸை 900 லீரா கொடுத்து வாங்கினான். அது ஒரு பொம்மலாட்டக் கொட்டகையில் குப்பையோடு கிடந்தது என்று ஒரு கதை உண்டு. மூன்று தந்தி பூட்டிய அந்த வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அவர் உலகத்தைச் சுற்றினார். 1846-ல் கியூபா தீவின் ஹவானா நகரம், 1849-ல் லண்டன், அப்புறம் எத்தனையோ ஊர்கள்.

அவர் கண்ட வழி மேலே ஏறுவது. சாதாரணமாக வாசிப்பதைவிட உயர்ந்த சுருதிக்கு மெல்லிய தந்திகளைக் கூட்டினார். பிற்காலத்தில் இதுவே தனி வாத்தியச் சுருதியென்று நிலைத்துவிட்டது. இன்றைக்கும் கச்சேரி வித்வான்கள் கோஷ்டியில் வாசிப்பதைக் காட்டிலும் ஒரு முழு ஸ்வரம் உயர்த்திக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டை விரலையும் தந்தியின்மேல் வைத்துக்கொண்டு வாத்தியத்தின் தோளுக்குக் கீழே இறங்கி வாசித்தார். அங்கே இடம் குறைவாகையால் விரல்களுக்கு ஓட்டம் கிடைத்தது. இன்னொரு தந்திரமும் உண்டு. நீண்ட தந்தியில் பாதி, மூன்றிலொன்று, நாலிலொன்று ஆகிய இடங்களில் அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டால், புல்லாங்குழல் போன்ற ஒரு மெல்லிய நாதம் கிளம்பும். தந்தி எவ்வளவுக்கு நீளமோ அவ்வளவுக்கு இந்த நாதம் தாராளமாகக் கிடைக்கும். பிடிலுக்குக்கூட இல்லாத ஒரு பாக்கியம் இது. பெருங் குறையென்று மற்றவர்கள் நினைத்த நீளத்தையே பொட்டெசினி மூலதனமாக்கிக்கொண்டார்.

சங்கீத நாடகங்களை அவர் நடத்திக் கொடுக்கும்போது, அங்கத்துக்கும் அங்கத்துக்கும் நடுவே டபிள் பாஸை மேடைக்குக் கொண்டுவந்து, அப்போதுதான் ஜனங்கள் கேட்ட பாட்டின் மெட்டுகளையே எடுத்து விஸ்தாரம் செய்து வாசிப்பாராம். கதாநாயகி பாடியதை உடனே இந்தப் பெரியவர் திருப்பிப் பாடினால் ஜனங்கள் எப்படி ஆரவாரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! 1871 டிசம்பர் 24-ல் கெய்ரோ நகரத்தில் வெர்டியின் 'ஐடா' முதல் முதலாக அரங்கேறியபோது கோஷ்டியை நடத்தியவரும் இவர்தான். 1889-ல் வெர்டியின் சிபார்சினால் பார்மா சங்கீதப் பள்ளியின் தலைவரானார். அதே வருஷம் ஜூலையில் காலமானார்.

பொட்டெசினியின் சாகித்தியத்தைக் குறித்து நமக்கு இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அவருடைய 'எலிஜி' என்ற சோகப் பாட்டைக் கேட்டவர்கள், டபிள் பாஸுக்குத் தொண்டை இல்லை என்று மறுபடியும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெரிய ஆகிருதியிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வருவதில் மனத்தை உருக்கும் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆனால் அவருடைய வித்தை காட்டும் உருப்படிகளில், வாத்தியம் தன்னை மறந்து பிடிலாக வேஷம் போடுகிறது. இரண்டு டபிள் பாஸ்களுக்கென்று அவர் எழுதிய ஓர் இரட்டை உருப்படியை, ஸிவோரி என்ற பிடில் வித்வான் ஒரு பங்கைப் பிடிலுக்கு மாற்றி அமைத்தார். இப்போது பெரும்பாலும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். பிடில் பாட, டபிள் பாஸ் அதையே திருப்பிப் பாட, சபையோர் இரண்டாவதற்குத்தான் அதிகமாகக் கை தட்டுகிறார்கள். பாட்டின் அழகுக்காக அல்ல, இது இவ்வளவு செய்கிறதே என்ற ஆச்சரியத்துக்காக. ஆச்சரியம் நல்லதுதான், ஆனால் ஒரு வாத்தியம் காலமெல்லாம் அதை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா?

மற்றவர்கள் அந்தக் காலத்தில் இதை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு ஸேன்-ஸான்ஸ் 1886-ல் எழுதிய 'யானை' சாட்சி. மிருகங்களைப் பற்றிய வேடிக்கை இசைத் தொகுதியில், டபிள் பாஸுக்குத் தனிப் பாட்டுக் கிடைத்தது யானை வேஷத்துக்காக! தேவதைகள் ஆடுவதற்கென்று பெர்லியோஸ் எழுதிய மெட்டை யானை ஆடுகிறது. நல்ல ஹாஸ்யந்தான். ஆனால் மறு வருஷமே வெர்டி, 'ஒதெல்லோ' நாடகத்தின் கடைசி அங்கத்தில், மனைவியைக் கொல்லக் கணவன் இருட்டில் உள்ளே நுழையும் கட்டத்தில் டபிள் பாஸ்களை மட்டும் தனியே விட்டார். அந்த மந்தர நாதத்தைக் கேட்கும்போது சிரிக்கத் தோன்றாது. பெரியவருடைய சொந்தக் குரலைத் தெரிந்துகொண்ட சிலரில் வெர்டி ஒருவர்.

இனி ருஷ்யாவுக்குப் போவோம். அங்கே 1874-ல் ஓர் ஏழை யூத சங்கீதக் குடும்பத்தில் பிறந்த ஸெர்கே குஸ்ஸெவிட்ஸ்கி, பதினாலாவது வயதில் கையில் காசில்லாமல் மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே சங்கீதப் பள்ளியில் சம்பளமில்லாமல் சேர இடமிருந்த சில வாத்தியங்களில் டபிள் பாஸ் ஒன்று. மிலானில் நடந்த கதையே ஐம்பது வருஷத்துக்குப் பிறகு மாஸ்கோவில் திரும்ப நடந்தது! வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பிடிலையும் பியானோவையும் எடுத்துக்கொண்ட பிறகு, மீந்து நின்ற வாத்தியம் வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அந்த வாத்தியத்தின் அதிர்ஷ்டம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

குஸ்ஸெவிட்ஸ்கி பொட்டெசினியைப் போல் உச்சத்துக்கு ஓடவில்லை. அவர் எழுதிய சின்னஞ்சிறு பாட்டுகளும், 1905-ல் மாஸ்கோவில் அரங்கேறிய கான்செர்ட்டோவும் பெரும்பாலும் நடு ஸ்தாயியில் ஆண் குரல் பாடுவதுபோல் பாடுகின்றன. கான்செர்ட்டோவை எழுதுவதில் கிளியேர் என்ற சிநேகிதர் கை கொடுத்தார் என்று ஒரு வதந்தி உண்டு. நிரூபணமில்லாததை நாம் பெரிதுபடுத்தவில்லை. அதைத் தாம் மணந்துகொள்ளப்போகும் நடாலியாவுக்கு அவர் சமர்ப்பணம் செய்தார். நடாலியா பெரிய தேயிலை வியாபாரியின் குமாரத்தி. கல்யாணத்துக்குப் பிறகு பணத்துக்குக் குறைவில்லை. 1908-ல் பெர்லின் பில்ஹார்மானிக் கோஷ்டியையே வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தலைமை வகித்தார். பின் வரிசையிலிருந்தவர் முன்னுக்கு வந்துவிட்டார். வாத்தியம் பின் வரிசையிலேயே நின்றுவிட்டது. 1924 முதல் 1949 வரையில் பாஸ்டன் கோஷ்டிக்குத் தலைவராக இருந்து, ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக் போன்றவர்களிடம் பெரிய பெரிய படைப்புகளைக் கேட்டு வாங்கினார். அவற்றில் புகழ்பெற்றவை ஒன்றுகூட டபிள் பாஸின் தனி வாசிப்புக்கானதல்ல. பழைய சிநேகிதனை அவர் அடியோடு மறந்துவிட்டார் என்று சொல்லுவதும் நியாயமில்லை. 1929-ல் சில உருப்படிகளை இசைத்தட்டில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். கரகரப்புக்கிடையே கேட்கும் அந்த நாதம் இன்றைக்கும் கேட்கத் தக்கது.

சாகித்தியப் பஞ்சம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்லுகிறோம். டிராகொனெட்டியின் கான்செர்ட்டோ என்று பிரசித்தமான ஒன்று உண்டு. மாணவர்கள் பரம்பரையாக வாசித்து வருகிறார்கள். அது டிராகொனெட்டி எழுதியதே அல்ல. பாரிஸ் சங்கீதப் பள்ளியில் ஆசிரியராயிருந்த எட்வார் நானி என்பவர் தாமே எழுதி, பழைய மேதையின் பெயரால் வெளியிட்டுவிட்டார்! பிறர் பாட்டைத் தம்முடையதென்று சொல்லுபவர்கள் எங்கும் உண்டு. தம் பாட்டைப் பிறருடையதென்று சொல்லத் தூண்டும் அளவுக்கு இந்த வாத்தியத்துக்கு முன்னோர் சொத்து வேண்டியிருந்தது.

அதே நானி எழுதிய பாடப் புஸ்தகம் ஒன்று லெபனானில் பெய்ரூட் நகரத்துத் தையற்கடை ஒன்றில் இருந்தது. அது 1931-ல் பிறந்த பிரான்ஸ்வா ரப்பாத் என்ற பையன் கைக்குக் கிடைத்தது. வாத்தியார் யாருமின்றி அதை வைத்துக்கொண்டே அவன் கற்றான். பிற்பாடு நானியைத் தரிசிக்க வேண்டுமென்று பாரிஸுக்குப் போனபோது அவர் உயிருடன் இல்லை. ரப்பாத் ஊரார் முறையைத் தெரிந்துகொள்ளாமலே வளர்ந்ததனால், தந்தியின் முழு நீளத்தையும் ஆறே நிலைகளாகப் பிரித்து, கட்டை விரலை ஊன்றியபடி கையை முன்னும் பின்னும் சாய்த்து வாசிக்கும் தம்முடைய சொந்த முறையை ஏற்படுத்திக்கொண்டார். 1963-ல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில் டபிள் பாஸும், கூட ஒரு தாள வாத்தியமுந்தான். கீழே அடிபட்டுப் போகாமலிருக்க மேலே ஏற வேண்டிய அவசியமில்லை, அடிப்பவர்களே இல்லையே!

அந்த ஆண்டுகளில்தான் பெரியவருக்கு விடுதலை வந்தது என்று நாம் நினைக்கிறோம். 1962-ல் நியூயார்க்கில் காரி கார் என்ற இளைஞர் தனிக் கச்சேரி செய்தார். பரம்பரையாக டபிள் பாஸ் வாசிக்கும் வீட்டில் பிறந்தவர். சபையில் குஸ்ஸெவிட்ஸ்கியின் விதவை ஓல்கா உட்கார்ந்திருந்தார். மறைந்த கணவரின் உருவம் மேடையில் அந்த இளைஞரைத் தழுவுவதுபோல் அவருக்குத் தோன்றிற்றாம். இதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கணவருடைய டபிள் பாஸை அவர் இளைஞருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டது மட்டும் நிச்சயம். 1611-ல் அமாத்தி சகோதரர்கள் செய்தது என்று அந்த வாத்தியத்துக்குப் பெயர். பிற்காலத்தில் மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள், அந்த மரம் அமாத்தி சகோதரர்கள் காலத்துக்கு வெகுநாள் பின்பும் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தது என்று கண்டார்கள். நாதம் அதனால் குறைந்துபோய்விடவில்லை. ஹென்ஸே என்ற ஜெர்மானியர் 1966-ல் காருக்கென்று ஒரு கான்செர்ட்டோ எழுதினார். கடைசியில் பிறரும் எழுதத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் டுரெட்ஸ்கி என்ற வித்வான் வேறு விதமாக வேலை செய்தார். எழுதுகிறவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டார். அவருக்கென்று எழுதப்பட்டவை 300-க்கு மேல். இந்தப் புதுச் சாகித்தியத்தில் வில்லால் வாசிப்பது மட்டுமல்ல. மரத்தைத் தட்டுவதும், தந்தியைச் சுண்டுவதும், வித்வான் வாய்விட்டுப் பேசுவதும் உண்டு. இவற்றில் பாதி நமக்குப் பிடிபடவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பிடிலின் வேஷம் அங்கே இல்லை. இத்தாலியரான ஸ்கொதானிப்பியோ (1956–2012) எழுதி வாசித்தவற்றில், பொட்டெசினி மேலே ஏறுவதற்குப் பயன்படுத்திய அதே புல்லாங்குழல் நாதங்கள், அடியிலிருந்து உச்சி வரையில் வாத்தியம் முழுவதும் பரவி ஒலிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள் வாசிக்கிறார் என்று நம்ப முடியாது.

டாம் ஜான்ஸன் என்ற அமெரிக்கர் 1975-ல் எழுதிய ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். அதன் தலைப்புக்குத் 'தோல்வி' என்று பொருள். வித்வான் தனியாக நின்று வாசித்துக்கொண்டே, எழுதிக் கொடுத்திருப்பதைச் சபைக்கு உரக்கப் படிக்கவும் வேண்டும். வாசிப்பு வரவரக் கடினமாகிறது. படிப்பதும் நிற்கக் கூடாது. இதில் எங்கேனும் தோற்றுப் போவது நிச்சயம் என்றும், தோற்றால்தான் உருப்படி சரியாக நிறைவேறும் என்றும் அவர் படிக்கும் வாசகமே சொல்லுகிறது. நாக்குக் குழறிச் சபையோர் சிரிக்கும் இடத்திலும் வில் நிற்பதில்லை. யாரும் அங்கே யானையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு மனிதர் பாடுபடுவதைப் பார்த்து, அவரோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.